பின் கேட்டின் சாவி

பிரான்சில் ஆன்சைட் வேலையை முடித்துவிட்டு எங்கள் கொண்டாப்பூர் அப்பார்ட்மெண்டுக்குத் திரும்பிய புதிது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பார்ட்மெண்ட் நண்பர்களைக் கூப்பிட்டு, அங்கே கிராமங்களில் நடந்து திரிந்த படங்களை லேப்டாப்பில் காட்டிக்கொண்டிருந்தேன். காடு, ஆற்றுப் பள்ளத்தாக்கு, நடுவே ஒற்றையடிப் பாதை. அது பல இடங்களில் யாரோ ஒரு விவசாயியின் மேய்ச்சல் நிலத்துக்குள்ளேயே போகும்.

"பூட்டே கிடையாது. 'மாடு மேயுது, கேட்டைச் சாத்திட்டுப் போங்க'ன்னு ஒரு போர்டு, அவ்வளவுதான். ஊர் பேர் தெரியாதவன் நிலத்துக்குள்ள போறான், அந்த மனுஷன் டிராக்டர்லேர்ந்து கையாட்டறார். நம்ம ஊர்ல நடக்குமா?" என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

அப்போது எங்கள் வீட்டில் சமைக்கும் எல்லம்மா மூச்சு வாங்க உள்ளே வந்தாள். அவள் வீடு காம்பவுண்டுக்குப் பின்னால் இருக்கும் பஸ்தியில், குடிசைகள் நெருக்கியடிக்கும் இடத்தில்.

"லேட் ஆயிடுச்சு, தப்பா எடுத்துக்காதீங்க சார். பின் கேட்டை யாரோ பூட்டிட்டாங்க. மெயின் ரோட்டைச் சுத்தி வந்தேன்" என்றாள் தெலுங்கில்.

அன்று காலை பூட்டியது நான்தான். அசோசியேஷன் செயலாளரானதும் நான் செய்த முதல் வேலை அது. கண்டவர்களெல்லாம் உள்ளே புகுந்து பஸ் ஸ்டாப்புக்குப் போகிறார்கள் என்று மீட்டிங்கில் கத்தினேன். என் ஹாலில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அதற்குச் சரியென்று கை தூக்கியவர்கள்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

"பரவாயில்லம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்தைப் போட்டேன்.

அடுத்த வாரமே பூட்டை எடுத்துவிட்டோம். ஆனால் அன்று அவளை நான் மன்னித்தேனே, அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.