முப்பத்திரண்டு பச்சைக் கட்டங்கள்

பிரின்ஸி நீடாமங்கலத்துக்காரி. அப்பா பெரியநாயகசாமி ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தஞ்சாவூருக்கு வெளியே, விளைகிற வயலை மண்ணடித்து மேடாக்கி எழுப்பிய ஒரு பல்கலைக்கழகத்தில் அவள் ஆறு வருடம் வேலை பார்த்தாள். வேலை என்றால் பதினொரு மாத ஒப்பந்தம். அது முடிந்ததும் ஒரு நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் புது ஆளைச் சேர்ப்பதுபோல் சேர்த்துக்கொள்வார்கள். நிரந்தரம் கேட்டு வழக்குப் போட்டுவிடக் கூடாதாம். வருடம் தவறாமல் அந்த ஒரு நாள் கேவலத்தை அவள் விழுங்கிக்கொண்டிருந்தாள்.

அங்கே ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் பீரோ வரிசைதான். உள்ளே முப்பத்திரண்டு பெட்டிகள். தனித்தனியாகவும் கணக்குப் போடும், சேர்ந்தும் போடும். ஆராய்ச்சி செய்கிறவர்கள் தங்கள் அறையிலிருந்தே வேலையை அனுப்பலாம். அது வரிசையில் நின்று, பெட்டி காலியானதும் ஓடும். இதையெல்லாம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும், சிக்கல் வந்தால் அவிழ்ப்பதும் பிரின்ஸியின் பொறுப்பு.

பேராசிரியர்கள் மின்னஞ்சல் அனுப்புவார்கள். 'வேலை செய்யவில்லை' என்று இரண்டே வார்த்தை இருக்கும். எது, எப்போது, என்ன செய்தபோது என்று கேட்டால், "அதைக் கண்டுபிடிக்கத்தானே மேடம் நீங்க இருக்கீங்க?" என்பார்கள். ஒருவர் தன் பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதி மாணவரிடம் கொடுத்தனுப்பினார். தபால் ஆபீஸில் படிவம் நிரப்பித் தரச் சொல்வதுபோல, "நீங்களே உள்ள போய்ப் போட்டுக் குடுத்துருங்க" என்று ஒரு குறிப்பு வேறு.

பயிற்சிப் பட்டறைகள் இதற்கும் மேல். இரண்டு நாள் என்று அழைப்பிதழில் இருக்கும். முதல் நாள் குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, அப்புறம் பொன்னாடை போர்த்தியவருக்கு ஒரு பொன்னாடை, குழுப் படம். பிரின்ஸி கைக்கு மைக் வரும்போது மணி பன்னிரண்டு. சாம்பார் வாசனை அதற்கு முன்பே அரங்கத்துக்குள் வந்திருக்கும். இரண்டாம் நாள் பாதி நாற்காலி காலி. மிச்சப் பேருக்கு வரும் ஒரே சந்தேகம், "மேடம், சர்டிபிகேட்டை இப்பவே குடுத்துட்டீங்கன்னா திருவாரூர் பஸ்ஸைப் புடிச்சிருவோம்" என்பதுதான். பதவி உயர்வுக்குச் சான்றிதழ் வேண்டும், படிப்பு வேண்டாம். இருநூறு பேருக்கு மேல் அப்படி வாங்கிப் போனார்கள். திரும்பி வந்து இயந்திரத்தைத் தொட்டது ஒருத்திதான்.

அவள் வானதி. நாகப்பட்டினம் பக்கம் கடைமடைக் கிராமம். அப்பா வைரக்கண்ணு குத்தகைச் சாகுபடி செய்கிறவர். ஆற்றில் தண்ணீர் குறைகிற வருடங்களில் கடல் உப்பு வாய்க்கால் வழியே எவ்வளவு தூரம் ஏறும், எந்த மதகை எப்போது மூடினால் பயிர் தப்பும் என்பதைக் கணக்கிடுவதுதான் அவளுடைய ஆராய்ச்சி. பட்டறை முடிந்த மறுநாளே நோட்டுடன் வந்து நின்றாள். "அக்கா, நேத்து சொன்னதுல பாதி புரியல. திரும்பச் சொல்றீங்களா?" அந்த வேலையில் பிரின்ஸி கேட்ட முதல் நல்ல கேள்வி அது. இரண்டு வருடம் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து அந்தக் கணக்கைச் சீராக்கினார்கள். கடைசி ஓட்டம் ஒன்றுதான் பாக்கி. எட்டுப் பெட்டி வேண்டும், மூன்று நாள் ஓட வேண்டும். அடுத்த திங்களுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் வானதியின் பதிவு ரத்து. இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று, இனிமேல் கிடையாது.

அந்த வாரம் பார்த்துத்தான் பல்கலைக்கழகத்துக்குத் தரம் போடும் மதிப்பீட்டுக் குழு வந்தது.

கணினி மையத்தின் இயக்குநர் இராஜாங்கம் திங்கள் காலையில் பிரின்ஸியைக் கூப்பிட்டனுப்பினார். இயந்திரத்தின் நிலவரம் காட்டும் திரையில் பெட்டிக்கு ஒன்றாக முப்பத்திரண்டு கட்டங்கள். வேலை ஓடினால் பச்சை, சும்மா இருந்தால் சாம்பல், ஓடுகிற வேலை நடுவில் விழுந்தால் சிவப்பு. அன்று அத்தனையும் சாம்பல்.

"புதன்கிழமை குழு வருது. சனிக்கிழமை வாராந்திர அறிக்கை போவணும். அதுவரைக்கும் இது முழுக்கப் பச்சையா இருக்கணும்."

"யாரும் வேலை அனுப்பலையே சார்."

"நீங்க அனுப்புங்க. ஏதாவது ஒண்ணு ஓடட்டும். பேராசிரியர்ங்க பேருல பிரிச்சுப் போட்டுருங்க."

பிரின்ஸிக்குக் காது கூசியது. "இன்னைக்கு வானதி ஒண்ணு அனுப்பப்போறா, எட்டுப் பெட்டியை அவளுக்கு விட்ருவோம் சார். அது நெசமான வேலை. அதுவும் பச்சைதானே காட்டும்?"

"இங்க பாரும்மா, நெசமான வேலைன்னா நடுவுல விழுந்தாலும் விழும். குழு நிக்கிறப்ப செவப்பு வந்தா யாரு பதில் சொல்றது? நீங்க போடுறது விழாதுல்ல?" என்று சிரித்தார். பிறகு காலண்டரைப் பார்த்தபடி, "உங்க பதினோரு மாசம் இந்த முப்பதாம் தேதியோட முடியுதுல்ல?" என்றார்.

பொய் விழாது, அதனால் பொய்தான் உசத்தி. இப்படியும் ஒரு நியாயம்! பிரின்ஸிக்கு அந்த ஆள் முகத்தில் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. ஆனால் போய் எழுதினாள். அதை மறைப்பதற்கில்லை. ஐந்தே வரியில் ஒரு நிரல். ஒன்றிலிருந்து கோடி வரை எண்ணு, முடிந்ததும் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கு. பத்துப் பேராசிரியர்கள் பெயரில் அதைப் பிரித்துப் போட்டாள். பட்டியலில் முதலில் இருந்த இளையபெருமாள் பெயரில் கொஞ்சம் கூடுதலாகவே விழுந்தது. திரை பச்சைப்பசேலென்று ஆயிற்று.

மதியம் வானதி ஓடி வந்தாள். "அக்கா, என் வேலை ஞாயித்துக்கிழமைதான் தொடங்கும்னு காட்டுது. அப்ப புதன்கிழமைதான் முடியும், எனக்குத் திங்கக்கிழமையோட கெடு முடிஞ்சிரும். எல்லா சாரும் ஒரே வாரத்துலயா போட்டாங்க?"

"பாக்கலாம்" என்றாள் பிரின்ஸி. அந்தப் பெண்ணின் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை.

புதன்கிழமை குழு வந்தது. தலைவர் கணினி படித்த மனிதர். பயன்பாட்டுப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இளையபெருமாள் யாரு? கால்வாசி நீங்களே ஓட்டுறீங்களே, என்ன கணக்கு?" என்று கேட்டார்.

ஒரு நாளும் அந்த இயந்திரத்துக்குள் நுழையாத மனிதர் இளையபெருமாள். எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "புற்றுநோய் மருந்து சார். இப்ப ஒரு முக்கியமான கட்டத்துல இருக்கு" என்றார். வாய் கூசவில்லை. பிரின்ஸியின் அம்மா அமலோற்பவம் அந்த நோயில்தான் போனாள்.

"சரி, ஒரு ரிசல்ட் ஃபைலைத் திறங்க, பாப்போம்" என்றார் தலைவர்.

வானதியின் பழைய கணக்கில் வந்த வண்ணப்படம் ஒன்றைத் திறக்கும்படி இராஜாங்கம் பிரின்ஸிக்குக் கண்ணைக் காட்டினார். அவள் கண்டுகொள்ளவில்லை. இளையபெருமாள் பெயரில் இருந்ததையே திறந்தாள். அந்த ஐந்து வரியையும் திறந்து பக்கத்தில் வைத்தாள். வேலை போனால் போகட்டும் என்று துணிந்துவிட்டாள்.

தலைவர் குனிந்து படித்தார். "இது சும்மா எண்ணிக்கிட்டுல்ல இருக்கு?"

"ஆமா சார். எண்ணுறது மட்டும்தான்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "எங்க இடத்துலயும் இதே கூத்துதாம்மா" என்றார். பிறகு நிமிர்ந்து, உரக்க, "வெரி குட். சாப்பாடு ரெடியா?" என்றார்.

எல்லோரும் எழுந்து போனார்கள். திட்டியிருந்தால்கூடப் பிரின்ஸி தாங்கியிருப்பாள். தன் அறைக்குப் போய், தான் போட்ட அத்தனை பொய்யையும் ஒரே கட்டளையில் நிறுத்தினாள். திரை மொத்தமும் சாம்பலானது. அரை நிமிடத்தில் எட்டுக் கட்டங்கள் பச்சையாயின. வானதியின் கணக்கு ஓடத் தொடங்கிவிட்டது.

நடப்பது நடக்கட்டும் என்று சாப்பாட்டுக் கூடத்துக்கும் போனாள். குழு பார்க்கட்டும் என்று அங்கேயும் பெரிய டிவியில் அதே கட்டங்களைப் போட்டிருந்தார்கள். பாயசத்தோடு நிமிர்ந்த இராஜாங்கத்துக்கு ஒரு கணம் முகம் செத்தது. அடுத்த கணமே பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"பாத்தீங்களா சார், ஒரு ஏழை விவசாயி மக. ஆய்வேடு குடுக்கக் கெடு முடியப்போவுது. அந்தப் பொண்ணுக்காக நம்ம இளையபெருமாள் சார் தன்னோட வேலையவே நிறுத்தி, நேரத்தை விட்டுக்குடுத்துட்டாரு. மத்த சாருங்களும் அப்படித்தான்."

இளையபெருமாள் எச்சில் கையை மடக்கிக்கொண்டு அடக்கமாகத் தலை குனிந்தார். தலைவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "இதை அறிக்கையில எழுதணும்" என்றார்.

முப்பதாம் தேதி பிரின்ஸியை வழக்கம்போல் ஒரு நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் கூப்பிடவில்லை. அதற்கு மறுநாளும் கூப்பிடவில்லை.

மூன்று வாரம் கழித்து வானதி வீடு தேடி வந்தாள், கையில் பைண்டிங் செய்த ஆய்வேடு. கணக்கு சனிக்கிழமையே முடிந்து, திங்கள் காலையில் கொடுத்துவிட்டாளாம். பிரின்ஸி பிரித்தாள். நன்றியுரைப் பக்கத்தில், 'தமது கணினி நேரத்தைப் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்த பேராசிரியர் முனைவர் இளையபெருமாள் அவர்களுக்கு' என்று தனிப் பத்தி. கடைசி வரியில், 'கணினி மைய ஊழியர்களுக்கும்.'

"டைரக்டர் சாரே கூப்பிட்டுச் சொன்னாருக்கா. இளையபெருமாள் சார் விட்டுக்குடுக்கலைன்னா என் வேலை ஓடியிருக்காதாம். கால்ல விழுந்து கும்பிட்டுட்டு வந்தேன். நல்ல மனுஷன்கா. அடுத்த மாசம் வைவாவுல அவரும் உக்காருறாரு."

பிரின்ஸி பக்கங்களைத் தள்ளிக் கடைசி அத்தியாயத்துக்குப் போனாள். "உப்பு எவ்வளவு தூரம் ஏறுது?"

"எங்க வயலைத் தாண்டி ரெண்டு கிலோமீட்டர்க்கா. மதகைப் பத்து நாள் முன்னாடி மூடினா தப்பிச்சிரலாம்." பெண்ணின் முகம் மலர்ந்திருந்தது. "உங்க பேரைத் தனியாப் போட்டிருக்கணும்கா, அவசரத்துல விட்டுப்போச்சு. அந்தப் பக்கத்தை மாத்தி அடிச்சிரட்டுமா?"

"வேண்டாம். வைவா முடியிற வரைக்கும் அதுல கை வைக்காத." பிரின்ஸி ஏட்டை மூடி அவள் கையில் கொடுத்தாள். "முடிஞ்ச மறுநாள் வா. கால்ல விழுந்தேன்னியே, அதைப் பத்தி உங்கிட்ட பேசணும்."