ஒருமுறைகூடத் தவறாத செயலி

வேலை தேடும் இணையதளங்களை வடிவமைத்தவன் என் கையில் கிடைத்தால் அவனை உட்காரவைத்து அவனுடைய படிவத்தையே நிரப்பச் சொல்வேன். 'உங்களை இரண்டு வரியில் விவரியுங்கள்' என்று அதில் ஒரு கட்டம். நாற்பத்தொன்பது வயதில் வேலை போனவன் எதை விவரிப்பது? நான் எழுதினேன்: 'நூற்றிருபது குடும்பங்களுக்கான பாதுகாப்புத் தளத்தை உருவாக்கியவர். ஒருமுறைகூடத் தவறியதில்லை.'

பாதுகாப்புத் தளம் என்பது, கீழ்க்கட்டளையில் எங்கள் அடுக்ககத்தின் கேட்டுக்கு நான் ஓசியில் எழுதிக்கொடுத்த செயலி. யாராவது வந்தால் காவலாளி வீட்டு எண்ணைத் தட்டுவார். வீட்டுக்காரரின் கைபேசிக்கு அழைப்பு போகும். அவர் சரி என்றால் உள்ளே விடுவார். சோதனை செய்தபோது, கைபேசி எண் பதியாத வீடுகளுக்கெல்லாம் என் எண்ணைப் போட்டு வைத்திருந்தேன். எடுக்க மறந்துவிட்டேன். பாதிப் பேர் கடைசிவரை பதியவே இல்லை. அவர்களுடைய பிரியாணி, தண்ணீர் கேன், மாமியார் எல்லாமே என் அனுமதியில்தான் உள்ளே போயின.

மூன்றாம் நாளே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. திருத்தியிருக்கலாம். அதற்குள் குடியிருப்போர் சங்கச் செயலாளர், சட்டைப்பையில் மூன்று பேனா செருகிய ஓய்வுபெற்ற அதிகாரி, லிஃப்டில் எல்லோரிடமும் என்னைக் காட்டி, "ஆப் சூப்பரா ஒர்க் ஆகுது, சார்தான் பண்ணார்" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். இத்தனை வருட உத்தியோகத்தில் ஒரு பயல் என்னை அப்படிச் சொன்னதில்லை. வாயை மூடிக்கொண்டு எட்டு மாதம் ஃபோனை எடுத்தேன். என் குரலை அடையாளம் கண்டுகொண்ட காவலாளிக்கு மட்டும் விஷயம் தெரியும்.

சோழிங்கநல்லூர் நிறுவனம் ஒன்று வீடியோவில் நேர்காணலுக்கு அழைத்தது. கேள்வி கேட்ட பெண்ணுக்கு என் வயதில் பாதி. ஃபோனின் சத்தத்தை அடக்கி மேசை இழுப்பறைக்குள் தள்ளியிருந்தேன். அது உள்ளே கிடந்து நான்குமுறை உறுமியது.

"ஒருமுறைகூட ஃபெயில் ஆகலன்னு போட்டிருக்கீங்க. எப்படி சார்?"

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு மாற்று ஏற்பாடுகளின் முக்கியத்துவம் பற்றி ஆரம்பித்தேன். என் வீடு முதல் மாடி. ஜன்னலுக்குக் கீழிருந்து காவலாளியின் குரல் வந்தது.

"இன்னா சார், போன எடுக்க மாட்டேன்ற? பி பத்துக்கு பிரிட்ஜு வந்துகீது. வண்டிக்காரன் பேஜார் பண்றான். உள்ள வுடவா, வேணாவா?"

எட்டு மாதப் பழக்கம். "விடுப்பா!" என்று கத்திவிட்டேன்.

"அப்டியே சி நாலுக்கு வேல செய்ற அக்காவும் நிக்குது சார்!"

"அவங்களையும் விடு!"

திரையில் அந்தப் பெண் கேமராவை நெருங்கிக் குனிந்தார்.

"சார், அப்போ அந்த சிஸ்டத்துல சர்வரே நீங்கதானா?"

அவர் சிரிக்கவில்லை, எதையோ குறித்துக்கொண்டார். சிரித்திருந்தால் மன்னித்திருப்பேன்.

மறுநாள் காலை, என் எதிர்காலம் சிறக்க வாழ்த்தி, வேலை இல்லை என்று மின்னஞ்சல் வந்தது. இயந்திரம் எழுதிய வாழ்த்து. அதற்கும் என்னைப் பிடிக்கவில்லை. வந்த கோபத்தில் செயலியிலிருந்து என் எண்ணை நீக்கினேன். மதியத்துக்குள் கேட்டில் ஆறு வண்டிக்காரர்களும் ஒரு பிளம்பரும் நின்று காவலாளியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் எழுதினார்: "கேட் ஆப் ஃபெயில் ஆயிடுச்சு. பண்ணவர் இங்கேயேதான் இருக்கார், ஆனா ரெஸ்பான்ஸ் இல்லை. நல்ல சாஃப்ட்வேர் ஆள் யாராவது தெரிஞ்சா சொல்லுங்க."

முதல் ஆளாக என் மனைவி, கூடுவாஞ்சேரியில் இருக்கும் தன் தம்பியின் எண்ணை அனுப்பியிருந்தாள்.