அட்டையில் இல்லாத எண்

போன வாரம் என் மகள் செல்போன் விளையாட்டில் சக்கரத்தைச் சுழற்றும் முன் கண்ணை மூடி ஜெபித்தாள். பொம்மைக்கு வெள்ளிக் கவுன் விழ வேண்டுமாம். ஒவ்வொரு தடவையும் முள் கவுனுக்குப் பக்கத்தில் வந்து நழுவியது. அந்த ஜெபம் ஒரு காலத்தில் என்னுடையது.

நான் சிறுமியாக இருந்தபோது, மும்பை தாராவியில் எங்கள் சந்து முனையில் அண்ணாச்சி கடை. வாசலில் ஓர் அட்டை தொங்கும். அதில் மடித்த சீட்டுகள் வரிசையாக ஒட்டியிருக்கும். காசு கொடுத்து ஒன்றைக் கிழித்தால் உள்ளே ஓர் எண். அந்த எண்ணுக்குரிய பொருள் நமக்கு. பெரும்பாலும் பலூன். உச்சியில் ஒரு சிவப்புப் பொம்மைக் கேமரா.

எங்கள் சபையில் புத்தாண்டுக்கு வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் கவிழ்த்து வைப்பார்கள். ஜெபித்து ஒன்றை எடுத்தால், அதிலுள்ள வசனம் அந்த வருடத்துக்குக் கடவுள் நமக்கென்று தந்தது. ஆகவே அண்ணாச்சியின் அட்டை முன்னாலும் முழு விசுவாசத்தோடு ஜெபித்தேன். பலூனாகவே வந்தது. என் ஜெபத்தில்தான் குறை என்று நினைத்தேன்.

ஒரு சாயங்காலம் அம்மா என்னைக் கூட்டிவர மாமாவை அனுப்பினாள். "ஏட்டி, பலூனுக்கா இம்புட்டு ஜெபம்?" என்று சிரித்தவர், சும்மா பார்ப்போமே என்று ஒரு சீட்டைக் கிழித்தார். பிறகு இன்னொன்று. விளக்கு வைக்கும் நேரத்தில் அட்டை மொட்டையாக இருந்தது. மாமாவின் சட்டைப் பையெல்லாம் பலூன். கேமரா மட்டும் வரவில்லை.

மாமா முறைத்தார். அண்ணாச்சி பதறவேயில்லை. கல்லாப்பெட்டியிலிருந்து கேமராவின் எண் உள்ள சீட்டை எடுத்து நீட்டினார். "இதக் கடைசியிலதான் ஒட்டுவோம். மொதல்லயே வந்துட்டுன்னா மத்த பிள்ளைங்க கிழிக்காதுல்லா?" கேமராவை அவிழ்த்து என் கையில் கொடுத்தார்.

அம்மாவிடம் சொல்லிவிடாதே என்று வழியில் மாமா கெஞ்சினார். நான் கேமராவில் ஒரு தடவைகூடக் கண் வைத்துப் பார்க்கவில்லை. புது அட்டை எப்போது வரும் என்று கேட்டேன்.

மகளைத் திட்டத்தான் போனேன்; இந்தக் கதையைச் சொல்வதில் வந்து நின்றது. அவள் விரல் சக்கரத்தின் மேலேயே இருந்தது. கேமரா என்ன ஆயிற்று என்று கேட்டாள். நினைவில்லை என்றேன்.

"அப்போ உனக்குக் கேமரா வேணாம் மம்மி. கிழிக்கத்தான் வேணும். அப்படித்தானே, ஹை நா?"

போனை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். அவள் வயதில், கேமரா கையில் இருந்தும், எனக்கு அது தெரியவில்லை.