மேப்பில் வந்த வீடு

மகள் பெங்களூரிலிருந்து அனுப்பிய, தானே வீடு கூட்டும் ரோபோ வாக்குவம், இன்று காலை ராஜபாளையம் வீட்டைச் சுற்றி வந்து மேப் போட்டது.

அதைத் தன் போனில் பார்த்துவிட்டு உடனே கூப்பிட்டாள்.

"என்னப்பா, ஹாலும் அடுப்படியும் மட்டும் வருது? நம்ம வீடு இம்புட்டுத்தானா?"

"நான் பொழங்குறது அம்புட்டுத்தான் தாயி. மத்த ரூமெல்லாம் சாத்திக் கெடக்கு."



"எல்லாத்தையும் தொறந்து விட்டு மறுபடி மேப் போடுங்கப்பா."

திறந்துவிட்டேன். அது அவள் கட்டிலுக்கு அடியில் எல்லாம் நுழைந்து வந்தது. என் போனில் வந்த புது மேப்பில் அவள் ரூமுக்கு ஆப் தானாகவே ஒரு பெயர் போட்டிருந்தது: கெஸ்ட் ரூம்.

அழித்துவிட்டு அவள் பெயரை அடித்தேன்.

பொங்கலுக்கு இரண்டு நாள் வந்து போகிறவள்தான். அதற்காக, அதை ஒரு மிஷினா சொல்வது? நீங்களே சொல்லுங்கள்.