மரியாதையாகக் கூப்பிட்டு வாங்கிய கோல்

"வருகிறாயா, இல்லையா?" ஜோர்டானில் உள்ள ஒரு கிளப்பின் மேனேஜர் போன வாரம் போனில் கேட்ட கேள்வி இது. ஒரு சீசனுக்கு அவர்களுக்குக் கோல்கீப்பர் வேண்டும். நான்கு மாதம். டிரான்ஸ்பர் விண்டோ, அதாவது கிளப்புகள் ஆள் சேர்க்கும் கெடு, மூடுவதற்குள் பதில் சொல்ல வேண்டும். என் மகளுக்கு இப்போது ஒன்பது மாதம், இன்னும் தாய்ப்பால் குடிக்கிறாள். மேனேஜருக்கு என்ன சொல்வதென்று எனக்கு இந்த நிமிடம் வரை தெரியவில்லை.

கால்பந்தை வேலையாக எடுத்துக்கொள்ள நினைக்கும் தங்கைகள் சிலர் என் அனுபவத்தை எழுதச் சொல்லிக் கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சந்தோஷமான கதை வேண்டுமென்றால் யாராவது ஸ்ட்ரைக்கரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. முதல் மேட்ச்

எனக்குச் சொந்த ஊர் சிங்காநல்லூர். அப்பா மில்லில் வேலை பார்த்தார். கல்லூரியில் படிக்கும்போதே ஒரு கிளப்பில் சேர்ந்துவிட்டேன். முதல் மேட்சில் எனக்கு முன்னால் டிஃபென்ஸில் நின்றவர் எங்கள் கேப்டன் மேரி அக்கா. வால்பாறை எஸ்டேட்டில் வளர்ந்தவர், என்னைவிட மூத்தவர்.

வலது பக்கமிருந்து ஒரு கிராஸ் உயரமாக வந்தது. நான் பிடிக்க வேண்டிய பந்து. அப்போது கீப்பர் "கீப்பர்!" என்று ஒரே வார்த்தையில் கத்த வேண்டும், கேட்டதும் டிஃபெண்டர் விலகிவிட வேண்டும். பயிற்சியில் இதைச் சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். ஆனால் மூத்தவர்களை அதட்டிப் பேசி எனக்குப் பழக்கமில்லை. என் வாயில் வந்தது இதுதான்:

"அக்கா, உடுங்க, நான் புடிச்சுக்கறனுங்க."

அக்கா என்னவென்று திரும்பிப் பார்த்தார். அதற்குள் எதிரணிப் பெண் எங்கள் இருவருக்கும் நடுவில் புகுந்து பந்தைத் தலையால் கோலுக்குள் தட்டிவிட்டாள்.

இடைவேளையில் அக்கா என் அருகே வந்து உட்கார்ந்தார்.

"ஏம்புள்ள, கல்யாணத்துக்கா அழைக்கற? நீ சொல்லி முடிக்கறதுக்குள்ள அவ கோல் போட்டுட்டு வீட்டுக்கே போயிட்டா."

டீமே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "பெனால்டி பாக்ஸுக்குள்ள அக்கா கெடையாது. யாரும் கூப்புடாத பந்துதான் கோலாகும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அதன்பிறகு பல நாள் காலையில் குளக்கரையில் நின்று கத்திப் பழகினேன். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் தள்ளிப் போனார்கள்.

2. மூன்று நாடுகள்

மாலத்தீவு, நேபாளம், ஜோர்டான். இந்த வரிசையில் விளையாடினேன். எந்த நாட்டுக்குப் போனாலும் சோறு கேட்பதற்கு முன்னால், 'விடு', 'மேலே ஏறு', 'அடித்து வெளியேற்று' என்ற மூன்றையும் அந்த மொழியில் கற்றுக்கொள்வேன். பெயர்கூடச் சரியாகச் சொல்ல வராத பெண்களை அதட்டினேன். அவர்களும் கேட்டார்கள்.

ஒரு டீமில் இத்தனை வெளிநாட்டவர்தான் இருக்கலாம் என்று கணக்கு உண்டு. அந்த இடங்களைக் கோல் போடுகிறவர்களுக்குக் கொடுக்கத்தான் எல்லா கிளப்புக்கும் ஆசை. கீப்பரைக் கூட்டி வந்தால் வேண்டாவெறுப்பாகத்தான் வைத்திருப்பார்கள். இரண்டு மேட்ச் சரியாகப் போகவில்லை என்றால் போதும். நேபாளத்தில் காலைச் சாப்பாட்டு மேஜைக்கே ஊர் திரும்பும் டிக்கெட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நன்றாக விளையாடினாய் என்றும் சொன்னார்கள்.

ஜோர்டானில் ஒரு குளிர்காலத்தில் என் இடது சுண்டுவிரல் உடைந்தது. பக்கத்து விரலோடு சேர்த்து டேப் ஒட்டிக்கொண்டு சீசனை முடித்தேன். ஓய்வு கேட்டால் இடம் போய்விடும் என்று பயம். அந்த விரல் இன்றுவரை முழுதாக மடங்குவதில்லை. குழந்தைக்குச் சட்டைப் பொத்தான் போடும்போதெல்லாம் தெரிகிறது.

இத்தனைக்கும் பிறகு ஊருக்கு வந்தால் எதிர்வீட்டு அக்கா கேட்டார்: "வெளிநாட்டுல என்ன வேலைங்க அம்மணி? நர்ஸுங்களா?"

"ஃபுட்பாலுங்க்கா."

"அது சரிங்க. வேலை?"

3. பூங்கொத்து

கல்யாணத்துக்குப் பிறகும் விளையாடப் போனேன். என் கணவர் தடுக்கவில்லை. மறுபடியும் ஜோர்டானில் இருந்தபோது, சீசனின் நடுவில், கர்ப்பம் என்று தெரிந்தது. அப்போதிருந்த கிளப்பில் சொன்னேன். கைகொடுத்து வாழ்த்தினார்கள், பெரிய பூங்கொத்து ஒன்றும் கொடுத்தார்கள். அடுத்த நாள் மைதானத்துக்குப் போனால் என் நம்பர் ஜெர்சியோடு வேறொரு பெண் கோல் போஸ்டில் நின்றுகொண்டிருந்தாள். அந்த வயிற்றோடு நான் டைவ் அடிக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். அவர்கள் ஒரு நாளாவது பொறுத்திருக்கலாம்.

4. வெள்ளகோவில்

இப்போது புகுந்த வீட்டில், வெள்ளகோவிலில் இருக்கிறேன். போன வாரம் அழைத்தது வேறு கிளப். அழைப்பு வந்த அன்றே என் கணவர் விஷயத்தைப் பெரியவர்களிடம் சொல்லிவிட்டார். மாமனார் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். குழந்தை மாமியார் மடியில் இருந்தது.

"பெரிய முடிவுங்க. நிதானமாப் பாருங்க" என்றார் மாமனார்.

"உனக்கு எது சரின்னு படுதோ செஞ்சுக்க கண்ணு. நான் குறுக்க நிக்கல" என்றார் என் கணவர்.

மாமியார் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "நாங்க எதுக்குங்க அம்மணி வேண்டாங்கறோம். போறதுன்னா போயிட்டு வாங்க. பாப்பா ரெண்டு நாளைக்கு அழுகும். அப்புறம் மறந்துபோயிருமுங்க."

யாரும் போ என்று சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். போகிறேன் என்று ஒரே வார்த்தை சொன்னால் போதும். நான் "பாக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டு டீ வைக்கப் போனேன். மொழி தெரியாத ஊர்களில் எல்லாம் கத்தியவள், அடுப்படியில் நின்று பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாப்பா மறந்துவிடும் என்று மாமியார் ஆறுதலாகச் சொன்னாரா, எச்சரிக்கையாகச் சொன்னாரா என்று இன்னும் யோசிக்கிறேன். குழந்தைக்கு ராகிக் கூழ் ஊட்டிப் பழக்குவது அவர்தான். அவர் மேல் கோபப்படுவது நியாயமில்லை என்று தெரிந்தும் கோபமாக இருக்கிறது. விளையாட்டின் மேல் ஆசைப்பட்டுப் போக நினைக்கிறேனா, அந்த ஜெர்சியைப் பறித்துவிட்டார்களே என்ற ஆத்திரத்தில் நினைக்கிறேனா என்பதும் தெரியவில்லை. இந்த முறை விட்டால் இனி யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பது மட்டும் தெரியும்.

தங்கைகளே, நான் கற்றுக்கொண்ட ஒன்று இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன்பே, கர்ப்பமானால் என்ன செய்வீர்கள் என்று கிளப்பிடம் கேட்டுவிடுங்கள். கேட்டால் எடுக்காமல் போய்விடுவார்களோ என்று பயந்து நான் கேட்கவில்லை.

குழந்தையை விட்டுவிட்டு வெளிநாட்டு வேலைக்குப் போன அம்மாக்கள் இதைப் படித்தால், எனக்கு ஒரு உதவி செய்யுங்கள். பாலை எப்படி நிறுத்தினீர்கள்? திரும்பி வந்து கையை நீட்டியபோது குழந்தை உங்களிடம் வந்ததா? வரவில்லை என்றாலும் மறைக்காமல் எழுதுங்கள். எத்தனை நாளில் வந்தது என்று தெரிந்தால் போதும். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சொன்னால் நல்லது.