துணி சோப்பில் ஒரு கனசதுரம்

ஆலங்காயத்திலிருந்து வாடகைக்கு வந்த ப்ரீசர் பாக்ஸ் எங்கள் மலை வீட்டுக் கூடத்தில் உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே அப்பா. எனக்கு அழுகை வரவில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றும் வேறு வேறு, ஆகவே இது கனச்செவ்வகம் என்றுதான் தோன்றியது. துக்க வீட்டிலும் கணக்குப் பாடம் நினைவுக்கு வரும் அளவுக்கு நான் படிப்பாளி.

ஐந்தாம் வகுப்பில் கனசதுரம் ஒன்று கொண்டுவரச் சொன்னார்கள். வீட்டில் பானை கோளம், உலக்கை உருளை, கொட்டிவைத்த சாமை கூம்பு. மூலையும் விளிம்பும் இருந்த ஒரே பொருள் நீளமான துணி சோப்புதான்.

"எல்லாப் பக்கமும் சமமா இருக்கணும்பா."

"அதுக்கு இன்னாடா, சீவிட்டா போச்சு" என்று அப்பா கத்தியை எடுத்தார்.

ஒரு பக்கத்தைச் சீவினால் அடுத்த பக்கம் பெரிதாகத் தெரிந்தது. அதையும் சீவினார். கடைசியில் நெல்லிக்காய் அளவில் ஏதோ மிஞ்சியது.

"நான் எதுலங்க துணி தொவைக்கிறது?" என்றாள் அம்மா.

"புள்ள படிப்பு முக்கியமா, உன் துணி முக்கியமா?"

மறுநாள் வாத்தியார் அதைக் கோளங்களோடு சேர்த்து வைத்தார்.

ப்ரீசர் பாக்ஸ் அருகே நின்ற என் தோளை அத்தை தொட்டாள். "அழுதுட்றா. நெஞ்சுல வெச்சிக்காத."

"சரி அத்தே" என்றேன். வீட்டுப்பாடம் கொடுத்ததுபோல இருந்தது. செய்து தர ஆள் இல்லை.