கண்காட்சிக்கு வந்த கதவு

அந்தக் கலை மையத்தில் படம் மாட்டுகிறவளுக்கு எல்லாரும் வைத்திருந்த பெயர் ரசமட்டம். சுவர் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனார்கள் வைத்திருக்கும் அதே கருவிதான். இரண்டடி நீள அலுமினியச் சட்டம், நடுவில் நீர்க்குமிழி; அது இல்லாமல் அவளைப் பார்க்க முடியாது. படம் ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் இறக்கி மறுபடி மாட்டுவாள். கோபம் வந்தால் மட்டும் அவளுக்கு எந்த அளவும் கிடையாது.

பதினோரு வருடத்தில் மூன்று பேரை அடித்திருக்கிறாள். ஈரம் காயாத ஓவியத்தில் சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்ட ஒருவனுக்குப் பல் போயிற்று. ஏணியில் நின்றவளின் காலைத் தடவிய எலெக்ட்ரீஷியனுக்கு விரல் ஒடிந்தது. மூன்றாவது ஆள் ஓவியர். தன் படத்தை மூலையில் மாட்டிவிட்டாள் என்று அவளைப் பிடித்துத் தள்ளினார், அவள் திருப்பித் தள்ளியதில் அந்தப் படத்தின் மீதே போய் விழுந்தார். ஒரே பகலில் நாற்பது படம் மாட்ட வேறு ஆள் இல்லாததால் மேலாளர் மூன்று முறையும் மன்னிப்புக் கடிதத்தோடு விட்டார். இன்னொரு முறை கை நீட்டினால் வேலை போய்விடும் என்றும் சொல்லிவைத்திருந்தார்.

அடி அவளுக்குப் புதிதில்லை. அப்பா பெல்ட்டைக் கழற்றினால் அவளும் தங்கையும் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் போய்ப் பதுங்குவார்கள். பன்னிரண்டு வயதில் ஒருநாள் அவள் சுத்தியலோடு வெளியே வந்து அப்பாவின் கணுக்காலில் ஒரு போடு போட்டாள். அதோடு அந்த வீட்டில் பெல்ட் இடுப்பில் மட்டும்தான் இருந்தது. அடித்தால் அடி நிற்கும் என்று அன்று தெரிந்துகொண்டாள். பிற்பாடு கட்டிக்கொண்டவனையும் வாணலியைக் காட்டித்தான் துரத்தினாள்.

தங்கை வேறு மாதிரி. அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். பக்கத்து வீட்டுக் குழாய் ஒழுகினால் கூப்பிடுவதற்கு முன்பே போய் நிற்பான். தங்கமான மனுஷன் என்று தெருவே சொல்லும். தங்கமானவன் வீட்டுக்குள் போனதும் தாழ்ப்பாள் போடுவான். முகத்தில் ஒரு கீறல் இருக்காது, எல்லாம் ஊமைக்காயம். ஒருநாள் அவள் படுக்கையறைக்குள் ஓடிப் பூட்டிக்கொண்டபோது கதவைக் குத்தியே பிளந்தான். இதையெல்லாம் தங்கை வெளியே சொன்னால், அவரா, இருக்காதும்மா என்பார்கள்.

கலை மையத்தில் ஒரு வழக்கம் உண்டு. வருடத்தில் நாலு வாரம் பெரிய அறை பொதுமக்களுக்கு. யார் எதைக் கொண்டுவந்தாலும் வைக்க வேண்டும், வேண்டாமென்று சொல்லக் கூடாது. படிவத்தில் பொருள், செய்தவர், கொண்டுவந்தவர் என்று மூன்று வரி. எழுதிக் கொடுத்ததை ஓர் எழுத்து மாற்றாமல் அட்டையில் அச்சடித்துப் பக்கத்தில் ஒட்டுவார்கள். செய்தவர் கேட்டால் மட்டும், எந்த நாளானாலும் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும்.

கணவன் வேலைக்குப் போன நேரம் பார்த்துத் தங்கை அந்தக் கதவைக் கீலோடு கழற்றித் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். இனி அக்கா வீட்டில்தான் இருக்கப்போவதாகச் சொன்னாள். கதவு நாலு வாரமும் சுவரில் நிற்க வேண்டும், தெரு வந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. செய்தவர் என்ற இடத்தில் கணவனின் பெயரை இனிஷியலோடு எழுதினாள். ஓட்டை போட்டது அவர்தானே என்றாள். ரசமட்டத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்த ஒரு வரி அவனுக்கு என்ன உரிமையைக் கொடுக்கிறது என்று இருவருக்கும் தோன்றவில்லை.

“ஒண்ணு மட்டும் கேக்கறேன்கா. அவர் வந்தா நீ கை நீட்டாதே. நீ அடிச்சா அதைத்தான் பாப்பாங்க. கதவை யாரும் பாக்க மாட்டாங்க” என்றாள் தங்கை.

அக்கா சத்தியம் செய்தாள்.

திறப்பு நாள் பிற்பகலில் இருநூறு பேர் இருந்தார்கள். உங்கள் பெயரில் ஏதோ வைத்திருக்கிறார்களாமே என்று யாரோ சொல்ல, இஸ்திரி போட்ட சட்டையில் அவனும் தெருக்காரர்களோடு வந்தான். அட்டையைப் படித்தான். முகம் சிவந்தது. ஆனாலும் ஆள் கெட்டிக்காரன். குரலை உயர்த்தாமல், செய்தவர் நான்தானே, கழற்றிக் கொடுங்கள் என்று மேலாளரிடம் கேட்டான். மேலாளர் விதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு ரசமட்டத்தைப் பார்த்தார். அவள் ஸ்க்ரூடிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி நின்றாள்.

தங்கைதான் முன்னால் வந்தாள். இருபது வருடமாக அப்படியொரு குரலை அவளிடம் யாரும் கேட்டதில்லை.

“இந்த ஓட்டையை நான்தான் போட்டேன்னு கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துட்டுப் போங்க.”

தெருக்காரர்கள் ஓட்டையைப் பார்த்தார்கள், அப்புறம் அவன் கையைப் பார்த்தார்கள். அவனால் அதைத் தாங்க முடியவில்லை. தங்கையின் முடியைக் கொத்தாகப் பிடித்து அவள் தலையைக் கதவில் மோதினான். ஒரு முறை, இரண்டு முறை. மூன்றாவதற்குள் பக்கத்து வீட்டுக்காரரும் இன்னொருவரும் அவனை இழுத்து இரண்டு கைகளையும் பின்னால் முறுக்கிப் பிடித்துவிட்டார்கள். “இவ்வளவு நாளா இதுதானாய்யா?” என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். அந்த இடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. தங்கை கேட்டது அவளுக்குக் கிடைத்துவிட்டது.

ரசமட்டத்தின் கண்ணில் தங்கையின் நெற்றி ரத்தம் மட்டும்தான் பட்டது. அலுமினியச் சட்டத்தை ஓங்கி அவன் முகத்தில் அடித்தாள். மூக்கு உடைந்தது. பிடித்திருந்தவர்கள் பயந்து கையை விட, அவன் சரிந்தான். விழுந்தவனின் விலாவில், தோளில், தலையை மறைத்த விரல்களில் மாறி மாறி அடித்தாள். விரல் முறிந்த சத்தம் நன்றாகவே கேட்டது. ஒரு குழந்தை வீரிட்டது. மேலாளரும் காவலாளியும் சேர்ந்து அவளை இழுத்தார்கள், அப்போதும் காலால் உதைத்தாள். அந்த நேரத்தில் அவளுக்கு இன்பமாக இருந்தது. அதை மறைப்பதற்கில்லை.

அப்புறம் பார்த்தால் கதவுக்கு முன்னால் ஆளில்லை. எல்லாரும் அவனைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் தண்ணீர் கொடுத்தார், ஒருத்தி துண்டால் ரத்தத்தைத் துடைத்தாள். சற்றுமுன் அவன் கையை முறுக்கிய பக்கத்து வீட்டுக்காரரே அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, பிடிச்சு வெச்ச ஆளைப் போய் இப்படியா அடிக்கிறது என்று பதறினார். ரசமட்டத்துக்கு இனி வேலையில்லை என்று மேலாளர் சொல்லிக்கொண்டிருந்தார். அது அவள் காதில் ஏறவில்லை.

தங்கை கதவின் அடியில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். மையத்தில் களிமண் வகுப்பு எடுக்கும் டீச்சர் அவள் நெற்றியில் கைக்குட்டையை அழுத்திப் பிடித்திருந்தாள். ரசமட்டம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் குனிந்து, வாடி வீட்டுக்குப் போகலாம் என்று கையை நீட்டினாள். தங்கை சட்டென்று இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டாள்.

“ஏய், நான்டி. அக்கா.”

“தெரியும்கா” என்றாள் தங்கை. டீச்சர் அவளை எழுப்பித் தன்னோடு வாசலுக்குக் கூட்டிப்போகும்வரை அவள் கைகளை இறக்கவில்லை.